அகிடாவுக்கு ஒரு மொட்டை

எங்கள் குடும்பத்தில் மொட்டை போட்டுக்கொள்ளாதவர்கள் கிடையாது. அப்பா மூன்று முறை, சித்தப்பா இரண்டு முறை, நான் காது குத்திக்கொண்டபோது ஒரு முறை. ஆனால் இன்றைக்கும் நாலு பேர் கூடினால் பேசப்படுவது கென்ஜியின் மொட்டைதான். கென்ஜி ஒரு நாய். ஜப்பான் நாய். அகிடா என்று அந்த ரகத்துக்குப் பெயர்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருவிடந்தையில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவுக்கு அப்பா காவலாளி, தோட்டக்காரர், மோட்டார் போடுகிறவர் எல்லாம். பங்களாவின் பின்பக்கம் இரண்டு அறைகள் உள்ள ஒரு வீட்டில் நாங்கள் இருந்தோம். பங்களாவின் சொந்தக்காரரை சார் என்போம். அவர் அடையாற்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். கென்ஜியைக் குட்டியாக அங்கேதான் வாங்கி வைத்திருந்தார். அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்ள வேண்டிய நிலை வந்ததும், குடியிருப்போர் சங்கத்தில் ஏதோ பேச்சாகி, கென்ஜி எங்களிடம் வந்து சேர்ந்தது. சார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதோடு படம் எடுத்துக்கொண்டு போவார். மற்ற ஆறு நாளும் அது அத்தையின் நாய்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தாள். நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து கென்ஜிக்குத் தனியாக ஒரு சட்டியில் சோறு குழைப்பாள். சாருக்கு அது கென்ஜி, அத்தைக்கு அது ராசா. இரண்டு பெயருக்கும் அது வரும். ஆனால் ராசா என்றால் ஓடி வரும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் ஜப்பான் நாய்களுக்கு மட்டும் கண்காட்சி நடக்கப் போகிறது என்று சார் ஃபோனில் சொன்னார். நடுவர் ஜப்பானிலிருந்தே வருகிறாராம். கென்ஜியின் பெயரைக் கொடுத்துவிட்டாராம். பெங்களூரிலிருந்து நாய்ப்பண்ணைக்காரர் ஒருவர் வருகிறார், அவருக்கு கென்ஜி மேல் ஒரு கண், நடுவர் நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கிருந்து அப்படியே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்றும் சொன்னார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த சட்டியை எடுத்து மறுபடி தேய்த்தாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் நாய் கப்பு வாங்கப் போகிறது! வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டிவியில் காட்டுவார்கள் என்பதையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். பெங்களூர் விஷயம் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. மே மாத லீவுக்கு நான் தாம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போகிறேன், சதை போட்டுத் திரும்பி வருகிறேன். கென்ஜியும் அப்படிப் போய்விட்டு வரும் என்று நினைத்தேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, கடப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் போன பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் அத்தை சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டாள். சித்தப்பா குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டியோடு வந்து நின்றார்.

"ராசாவுக்கு ஒரு வேண்டுதல் கீது. ஊருக்குப் போயி முடிச்சிட்டு வந்துர்லாம்" என்றாள் அத்தை.

"நாய்க்கு இன்னாக்கா வேண்டுதல்?"

"மொட்ட."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கென்ஜியைப் பார்த்தேன். கார்த்திகை மாதம் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, நாலு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது. அத்தை வேலைக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமயத்தில் வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். எங்கள் வீட்டில் வேண்டுதல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. முழுப்பரீட்சை நாளன்று என்னைப் பால்குடம் தூக்க வைத்த குடும்பம் அது. சித்தப்பா பின்கதவைத் திறந்துவிட்டார். கென்ஜி ஏதோ உல்லாசப் பயணம் என்று நினைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது.

எங்கள் குலதெய்வம் திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிற அம்மன். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மொட்டை போடுவார்கள். அங்கே இருந்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "யாருக்குப்பா? கொயந்தைக்கா?" என்று என்னைப் பார்த்தார். அத்தை கென்ஜியை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால வெளையாடுறியா?"

"வேண்டுதல்ணா. நாய்க்கு வேண்டிக்கினா நாய்க்குத்தான போடணும்? எனக்குப் போட்டா செல்லுமா?"

இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டிருக்க வேண்டும். கத்தியை வைத்துவிட்டு மிஷினை எடுத்தார். பிறகு கென்ஜியை மூக்கிலிருந்து வால் வரைக்கும் பார்த்துவிட்டு ஒரு நியாயமான சந்தேகத்தைக் கேட்டார்.

"மனுசன்னா தலயில முடி கீது, எடுத்துட்றோம். இதுக்கு எதுவரிக்கும் தல, எங்கேந்து ஒடம்பு? அத்த சொல்லு மொதல்ல."

சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. "அக்கா, பூமுடி குடுத்துட்டுப் போயிர்லாம்கா. மூணு கத்திரி. பொம்பளைங்கல்லாம் அப்பிடித்தான குடுக்குறாங்க?"

"அது இன்னா பொம்பளையா? ஆம்பள. முழுசா எடுக்கணும்." அத்தை மிஷின்காரரிடம் திரும்பினாள். "அதுக்கு ஒடம்பெல்லாம் தலதாண்ணா. மொத்தமா எடுத்துரு."

மொத்தமாக எடுக்க முக்கால் நாள் ஆயிற்று. கென்ஜியின் முடி ஒரு சுற்று முடி இல்லை. மேலே செம்பட்டையாக முரட்டு முடி, அதற்குக் கீழே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இன்னொரு சுற்று. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மிஷின் இரண்டு தடவை சூடாகி நின்றது. அது ஆறுவதற்குள் எல்லோரும் டீ குடித்தோம். மொட்டை போட வந்த மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "வெயிலுக்கும் நல்லது" என்றார் ஒருவர். தை மாதத்தில். கென்ஜியோ அத்தையின் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அத்தை அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வாலுக்கு வந்தபோதுதான் கென்ஜி முதல் தடவையாக உறுமியது. மிஷின்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "இத்த வுட்டுர்லாம்கா. சாமி கோச்சிக்காது" என்று எழுந்துவிட்டார். அதனால் வால் மட்டும் பழைய சிறப்போடு முதுகின் மேல் சுருண்டு நின்றது. உரித்த கோழியின் மேல் காலிஃபிளவர் ஒன்றைச் சொருகி வைத்தது போலிருந்தது. வழக்கப்படி தலையில் சந்தனம் பூசினார்கள். அதுவரை என்னவோ ஏதோ என்றிருந்த எனக்கு, அந்தச் சந்தனத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இந்தக் கோலத்தில் எப்படிக் கப்பு கிடைக்கும்?

மாலையில் கல்யாணத்திலிருந்து வந்த அப்பா, கேட்டைத் திறந்ததும் ஓடி வந்ததைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். "இது யார் வூட்டு நாயி? நம்ம கென்ஜி எங்க?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விஷயம் புரிந்ததும் அப்பா துளசிச் செடிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? ஞாயித்துக்கெழம தாண்டிப் போட்டா உன் சாமி ஓடியா பூடும்?"

"தள்ளிப் போட்டா குத்தமாயிடும்ணா" என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா அன்றிரவு பத்து தடவையாவது ஃபோனைக் கையில் எடுத்துக் கீழே வைத்திருப்பார். சார் வெளிநாட்டிலிருந்து சனிக்கிழமை இரவுதான் வருகிறார், நேராகக் கண்காட்சிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். இந்த வேலை போனால் வேலையோடு வீடும் போகும் என்பது எனக்குத் தெரியாது. அப்பா சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கென்ஜி அத்தையின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

ஞாயிறு காலை சித்தப்பாவின் வண்டியில் எல்லோரும் போனோம். ரிசார்ட்டின் புல்வெளியில் வெள்ளைப் பந்தல் போட்டு, கல்யாண மண்டபத்தில் வைப்பது போலப் பெரிய ஏர்கூலர்கள் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வெயில் அந்த நாய்களின் மேல் படக் கூடாது என்பதில் எல்லோரும் குறியாக இருந்தார்கள். பெங்களூர், கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று எங்கிருந்தெல்லாமோ ஏ.சி. வேன்களில் வந்திருந்தார்கள். ஒரு நாய் ஐஸ் பையின் மேல் படுத்திருந்தது. இன்னொன்றுக்கு ஓர் அம்மாள் ஹேர் டிரையர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஷிபா என்று நரி மாதிரி சின்ன ரகம் ஒன்று, மடியில் வைத்துக் கொஞ்சுகிற வெள்ளை ஸ்பிட்ஸ் ஒன்று. அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. "நீங்க யாரோட அப்பா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

பதிவு செய்கிற இடத்தில் இருந்த பெண் கையிலிருந்த தாளையும் கென்ஜியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அகிடா எங்கங்க? வண்டியில இருக்கா?" என்று அப்பாவிடம் கேட்டாள். தொப்பி போட்ட ஒருவர் நிஜமான ஆர்வத்தோடு வந்து குனிந்து பார்த்து, "இது என்ன பிரீடுங்க? நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

"புதுசு சார்" என்றார் சித்தப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "இப்பத்தான் வந்துகினு கீது."

அவர் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு சார் வந்தார். சார் நல்ல மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, அன்றும் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் அது மொட்டையாகவே இருந்தது.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"வேண்டுதல் சார்" என்றாள் அத்தை. சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். அவர் மனைவி வருஷா வருஷம் திருப்பதிக்குப் போகிறவர். சாருக்குப் பின்னால் பெங்களூர் பண்ணைக்காரர் நின்றிருந்தார். ஆள் வாட்டசாட்டம், பனியனில் பெரிதாக ஒரு நாய் முகம். அவர் வந்து கென்ஜியின் முதுகைத் தடவினார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், வாலைத் தூக்கி விட்டார். "டெயில் மட்டும் சூப்பர் இருக்கு சார்" என்றார்.

ஒலிபெருக்கியில் கென்ஜியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். சார் நகரவில்லை. "வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வேன்? உள்ளேயே போகாமல் வந்துவிட்டோம் என்றா? அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்து, "நீதான் மொட்ட போட்ட, நீயே கூட்டினு போ" என்று கத்தினேன். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டாள், கோயிலுக்குள் போகிற மாதிரி. நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, புல்வெளியில் கயிறு கட்டித் தடுத்திருந்த வட்டத்துக்குள் போய்விட்டாள்.

மற்றவர்கள் எல்லாம் ஷூ போட்டுக்கொண்டு நாயோடு சின்ன ஓட்டம் ஓடினார்கள். அத்தை பால் வாங்கப் போகிற நடையில் நடந்தாள். கென்ஜி அவள் காலோடு ஒட்டி, தலையை நிமிர்த்தி, மிச்சமிருந்த வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். நான் கைதட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நடுவர் வெள்ளைத் தொப்பி வைத்த குள்ளமான ஓர் அம்மாள். பக்கத்தில் ஜப்பான் மொழி படித்த சென்னைப் பையன் ஒருவன். அந்த அம்மாள் கென்ஜியின் பல்லைப் பார்த்தார், விலாவைத் தடவினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் அந்தப் பையன் கேட்டான்.

"முடி ஏன் எடுத்தீங்கன்னு கேக்கறாங்க."

"சாமிக்கு வேண்டிக்கினேன். மொட்ட."

இதைச் சொல்லிப் புரியவைக்க அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கையைத் தலை மேல் வைத்துச் சவரம் செய்து காட்டினான், கும்பிட்டுக் காட்டினான். அந்த அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வேண்டினது கெடச்சுதான்னு கேக்கறாங்க."

அத்தை கயிற்றுக்கு வெளியே தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த சாரையும் பண்ணைக்காரரையும் ஒரு தடவை பார்த்தாள். "இன்னும் செத்த நேரத்துல தெரிஞ்சிடும்னு சொல்லுப்பா" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. அத்தைக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது! ஆனால் அந்த அம்மாள் கென்ஜியின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு அடுத்த நாய்க்குப் போய்விட்டார். உடம்புவாகு நன்றாக இருக்கிறதாம், நன்றாக வளர்த்திருக்கிறீர்களாம், ஆனால் முடி இல்லாமல் மார்க் போட முடியாதாம். வெயிலையும் குளிரையும் அந்த இரட்டை முடிதான் தாங்கும், இனிமேல் ஒருபோதும் எடுக்காதீர்கள் என்று சொன்னாராம். கப்பு ஹேர் டிரையர் அம்மாளின் நாய்க்குப் போயிற்று.

பண்ணைக்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டு சாரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "முடி ஃபுல்லா வரதுக்கு ஒன்றரை வர்ஷம் ஆகும் சார். சில நாய்க்கு சரியா வராமலே போயிடும். நமக்கு ஆகாது. வேற பார்க்கலாம்." வேறு பார்க்க இருவரும் பந்தலின் அந்தப் பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது சாரின் கையில் ஒரு ஷிபா குட்டி இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. லிஃப்டில் யாருக்கும் தொந்தரவு தராது. சாரின் முகம் தெளிந்துவிட்டது.

"கென்ஜி இங்கயே இருக்கட்டும்பா" என்றார் அப்பாவிடம். "இனிமே அது உங்க நாய்தான்." அப்பா தலையைத் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. வாசலில் இருந்த கடையில் நின்றுகொண்டே மூன்று பஜ்ஜி சாப்பிட்டார்.

திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் முன்னால் சித்தப்பாவோடு உட்கார்ந்துகொள்ள, நானும் அத்தையும் கென்ஜியும் வண்டியின் பின்னால். எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. அவள் மேல் படாமல் மூலையில் ஒண்டி உட்கார்ந்தேன்.

"காய்ச்சல் போயி ரெண்டு மாசம் ஆவுது. அந்த வேண்டுதல அடுத்த வாரம் முடிச்சிருந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"காய்ச்சலுக்கு யாரு வேண்டிக்கினா?" என்றாள் அத்தை. "டாக்டர் ஊசி போட்டாரு, பூடுச்சி. இது வேற வேண்டுதல்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கப்புக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்! பாவம், கப்பு கிடைக்க வேண்டுமென்று முன்கூட்டியே மொட்டை போட்டு, அந்த மொட்டையாலேயே கப்பும் போய்விட்டது. என் கோபமெல்லாம் ஒரே நொடியில் அத்தையை விட்டு அம்மன் மேல் திரும்பியது. நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு அத்த, அடுத்த வருசம் நிச்சயம் கெடைக்கும்" என்று தேற்றினேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துடைத்துக்கொண்டு, கென்ஜியின் மொட்டைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி சிரித்தாள். ஏமாற்றத்தில் மனசு குழம்பிவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது.

வழியில் ரோட்டோரமாக ஒரு அம்மன் கோயில். அத்தை வண்டித் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பக்கத்துக் கடையில் ஒரு தேங்காய் வாங்கி, சூடம் ஏற்றி, ஓங்கி உடைத்தாள். ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். என்னையும் வந்து கும்பிடச் சொன்னாள். நான் இறங்கவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கேட்டதைக் கொடுக்காத சாமிக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறாளே, இந்த அத்தைக்குக் கொஞ்சம்கூட ரோஷம் கிடையாதா என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.